முதல் நாள் முகம்

பிள்ளை பயந்துவிட்டது, பயத்தில் எல்லாம் மறந்துவிட்டது என்ற கதையைச் சந்தனசாமி மாஸ்டர் பத்தொன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பத்தொன்பது வருடமும் அதை நம்பாமலும் இருந்தார். மனைவியிடம் சொன்னார், வலயக் கல்விப் பணிமனையில் சொன்னார், பிள்ளையின் தாய் கொழுந்துக் கூடையோடு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றபோது அவளிடமும் இதையேதான் சொன்னார். ஒரு தடவைகூட வார்த்தை மாறவில்லை. வகுப்பில் பத்துப் பிள்ளைகள் வீட்டுவேலை செய்யாததற்கு ஒரே காரணத்தை ஒரே மாதிரிச் சொன்னால், இது யாரோ சொல்லிக்கொடுத்தது என்று உடனே கண்டுபிடிக்கிற மனுஷன் அவர். இந்தக் கதையை யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தது என்பதை மட்டும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. கதையை முதலில் அவரிடம் சொன்னவள் இப்போது அவருடைய இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்தை விட்டு, மூக்கோரம் வழிந்ததைப் பஞ்சால் ஒற்றி, “அரை மணித்தியாலம் மூடியே இருக்கணும் சேர். பத்து நிமிசத்துக்கு ஒருக்கா வந்து ஊத்துவேன். நடுவுல தொறந்து பார்த்தீங்கன்னா மொதல்லேருந்து ஆரம்பிப்பேன், சொல்லிட்டேன்,” என்று அதட்டிவிட்டு அடுத்த கதிரைக்குப் போனாள்.

யோகமலர் இங்கே வேலை செய்கிறாள் என்று தெரிந்திருந்தால் அவர் அட்டன் டவுன் பக்கமே வந்திருக்க மாட்டார். பஸ் ஏறிக் கண்டிக்குப் போயிருப்பார். சீனி வருத்தம் கண்ணுக்கு ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள் என்று டாக்டர் துண்டு எழுதிக் கொடுத்தார், கிட்ட இருக்கிற கிளினிக் இதுதானே என்று காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். நீலக் கோட்டுப் போட்ட ஒருத்தி பெயர் கூப்பிட வந்தாள், துண்டைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள். “ஐயோ, நம்ம சேர்! என்னா சேர் இப்புடி எளச்சிப் போயிட்டீங்க, அந்தத் தொப்பைய எங்க வித்தீங்க?” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சிரித்தாள். சிரிப்பில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவருக்கு எரிச்சல். ஒரு கோபம், ஒரு முகச்சுளிப்பு இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பேசலாம். ஆறு வருடம் இந்த நாட்டிலேயே இல்லை என்று தெரியும், குவைத்தில் யாருடைய வீட்டிலோ சட்டி பானை கழுவினாள் என்று தெரியும், அவளுடைய மகள் தன் பள்ளிக்கூடத்திலேயே தரம் மூன்றில் படிப்பதும் இப்போது அங்கே அதிபராக இருக்கிற அவருக்குத் தெரியாமல் இருக்குமா? தகப்பன்காரன்தான் பெற்றோர் கூட்டத்துக்கு வருவான். அவள் வருவதில்லை. அவள் வருவதில்லை என்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் வருகைப் பதிவைப் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகுதான் அவர் மேடையில் ஏறுவார். மருந்து எரிந்தது. பச்சை மிளகாய் நறுக்கிய கையால் தொட்ட மாதிரி முதலில் ஓரத்தில், பிறகு உள்ளே. எரிச்சல் அடங்கியதும் இமைக்குள் ஒரு நிறம் நின்றது. எதிரே ஜன்னல் இருக்க வேண்டும், வெயில் இமை வழியாக வருகிறது. சிவப்பு. இருட்டும் இல்லாத வெளிச்சமும் இல்லாத ஒரு சிவப்பு, அதைப் பார்க்காமல் இருக்கவும் முடியாது, மூடுவதற்கு மேற்கொண்டு ஒரு இமை கிடையாது. ‘வாட் கலர் இஸ் திஸ்?’ என்று ஒரு குரல் கேட்டது. யாரும் கேட்கவில்லை, அவருக்குள்தான். பலூன். ஒரு வெள்ளைக்காரப் பெண் ஊதிய பலூன், முகத்துக்கு நேரே, முப்பது பிள்ளைகளின் மூக்குக்கு முன்னால்.

அவர்கள் ஆடி மாதத்தில் வருவார்கள், புரட்டாசியோடு போய்விடுவார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பிள்ளைகள், ஒரு குழுவில் ஆறு பேர், மூன்று வாரம். ஒரு குழு போக அடுத்த குழு வரும். கொழும்பில் ஒரு சங்கம் அவர்களை அனுப்பியது. வெள்ளை வேன் குருவித்தோட்டத்துப் பாதையில் குலுங்கி வரும்போதே லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் பீலித் தண்ணீரடியில் பாதிக் குளியலை விட்டுவிட்டு ஓடும். நல்ல பிள்ளைகள்தான். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அட்டை கடித்த காலோடு மலையேறினார்கள், ரொட்டியும் கட்டைச் சம்பலும் தின்று கண்ணில் தண்ணீர் வடித்தார்கள், கழிவறைச் சுவருக்கு மஞ்சள் பூசினார்கள். முதல் குழு பலூன் கொண்டுவந்து நிறம் சொல்லிக்கொடுத்தது. இரண்டாம் குழுவும் பலூன் கொண்டுவந்தது. ஹன்னா என்று ஒருத்தி சிவப்பைத் தூக்கிப் பிடித்தாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் வகுப்பே ‘ரெட்!’ என்று கத்தியது. நீலத்தை எடுக்கக் கையைப் பைக்குள் விட்டாள், கை வெளியே வருவதற்கு முன்னாலேயே ‘புளூ, எல்லோ, கிரீன், பர்ப்பிள்!’ என்று பொழிந்து தள்ளிவிட்டார்கள். இடைவேளையில் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் அந்தப் பெண் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மூன்று மாதம் தயாரித்த பாடமாம். இங்கே எங்களுக்கு என்ன வேலை என்று அவரிடம் கேட்டாள். அவருக்கு அப்போது முப்பத்தாறு வயது. வீட்டுக்கு வந்த விருந்தாளியைச் சோற்றுக்கு முன்னால் அழவைத்துவிட்ட மாதிரி வெட்கமாகிவிட்டது. பெரிய வகுப்புக்கு வேண்டுமானால் ஒரு கதை வாசித்துக் காட்டுங்களேன் என்று சொல்லியிருக்கலாம், சொல்ல வாய் வரவில்லை. அவளுடைய கையில் இருந்தது பலூன்தான். அன்று மத்தியானமே சங்கத்துக் கொழும்பு ஆளும் தொலைபேசியில் வந்துவிட்டார். “மாஸ்டர், வந்த பிள்ளைங்க மனசு உடையாமப் பார்த்துக்குங்க. அவங்க போய் நல்லபடியாச் சொன்னாத்தானே ஒங்க கூரைத்தகடு விசயத்த நான் பேசலாம்?” ஐந்தாம் வகுப்புக் கூரை ஒழுகியது உண்மை. மழைக்குப் பிள்ளைகள் கொப்பியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் உண்மை. கூரைக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டார். ஆனால் அழுத பெண்ணின் முகம்தானே முதலில் வந்தது, தொலைபேசி பிறகுதானே வந்தது? ஒரு வெள்ளைக்காரப் பெண் அழுதால் உனக்கு ஏன் அப்படிக் கூசிப் போகிறது? உன் தாய் கொழுந்து எடுத்த கையோடு அழுதபோது எந்தப் பாடத்தை மாற்றினாய்?

“சேர், தொறந்துட்டீங்களா?” என்று குரல் தலைக்கு மேல் வந்தது. இல்லை என்று தலையாட்டினார். விரல் வந்து இமையைப் பிரித்தது, வெளிச்சம் கத்தி மாதிரி ஒரு நொடி, குளிர்ந்த சொட்டு, மறுபடி சிவப்பு. பக்கத்துக் கதிரையில் யாரோ ஒரு கிழவர், “ஏம்மா, கண்ணு மூடி மூடி எனக்குத் தூக்கமே வருது, ஒரு பிளேன்டி கெடைக்காதா?” என்றார். “தாத்தா, இது கடை இல்ல. தூங்குங்க, கொறட்டை விட்டா மட்டும் வெளிய தள்ளிருவேன்,” என்றாள் யோகமலர். கிழவர் சிரித்தார், மற்றவர்களும் சிரித்தார்கள், கண் மூடியவர்களின் சிரிப்பு கொஞ்சம் முன்பின்னாக வந்தது. இவளுக்கு எப்போதும் இது வரும். ஆளுக்குத் தக்க முகம், ஆளுக்குத் தக்க குரல். அவர் அன்று தரம் ஐந்துப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, இனி விருந்தாளிகள் கேட்டால் உடனே சொல்லிவிடாதீர்கள் என்று விளக்கியபோது முதலில் புரிந்துகொண்டவள் இவள்தான். முதல் நாள் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியக்கூடாது. இரண்டாம் நாள் இரண்டு பேருக்குத் தெரியலாம். மூன்றாம் நாள் பாதி வகுப்பு. நாலாம் நாள் எல்லோரும் கத்தலாம். “தெரியாத மாதிரின்னா மூஞ்சிய எப்புடி சேர் வச்சுக்கிறது?” என்று சுகிர்தன் கேட்டான். “நீ எப்பவும் போல வச்சுக்க, அது போதும்,” என்றார் அவர், வகுப்பு உருண்டு சிரித்தது. பிள்ளைகளே அதற்கு மக்கு விளையாட்டு என்று பெயரும் வைத்தார்கள். யோகமலர் மாதிரி மக்கு விளையாட யாராலும் முடியாது. உரமூட்டையில் எழுதியிருக்கிற இங்கிலீசைத் தடங்கலில்லாமல் வாசிக்கிற பிள்ளை, வெள்ளைக்காரர்கள் தேத்தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அவர் நடத்திய உண்மையான பாடத்தில் ஒரு பக்கம் கட்டுரை எழுதுகிற பிள்ளை, பலூனைப் பார்த்ததும் வாயைக் கொஞ்சமாகத் திறந்து, புருவத்தைக் கீழே இறக்கி, கண்ணில் இருந்த ஆளை எங்கேயோ அனுப்பிவிட்டு வெறுமையாக நிற்கும். நாலாம் நாள் அந்த ஆள் மெதுவாகத் திரும்பி வருவாள். உதடு துடிக்கும், ‘ரெ... ரெ...’ என்று இழுக்கும், ‘ரெட்’ என்று விழும். அந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவார்கள். அவளுடைய பெயர் அவர்களுக்குச் சட்டென்று வாயில் வந்தது, யோகா, யோகா என்று தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். சங்கத்துப் பத்திரிகையில் அவள் படம் வந்தது, நான்கே நாளில் கற்றுக்கொண்ட சிறுமி என்று. அந்தப் பக்கத்தை வெட்டி அலுமாரிக் கதவில் ஒட்டியவர் யார்? அவர்தான். தான் எழுதிய நாடகம் நன்றாக ஓடிய பெருமை. அதை வேறு எந்தப் பெயரால் சொல்வது?

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. அதற்குத்தான் இவ்வளவு நேரமாகச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார், மாட்டை முளையில் கட்டின மாதிரி. வருடத்துக்கு ஒரு தோட்டத்துப் பிள்ளையைக் கண்டியில் விடுதியில் சேர்த்து உயர்தரம் வரை படிக்கவைக்கிற ஒரு வெள்ளைக்கார அம்மா வந்திருந்தார், வெள்ளைத் தலை, கைத்தடி, சங்கத்துக்கே அவர்தான் பெரியவர். பத்திரிகையில் படம் பார்த்து யோகாவைத்தான் முதலில் கேட்டார். இரண்டாவதாகக் கணக்கப்பிள்ளையின் மகள். அதிபர் அறையில் பேசிப் பார்ப்பார்கள், ஆசிரியர்கள் உள்ளே நிற்கக்கூடாது என்பது ஏற்பாடு. அன்று காலையில் சந்தனசாமி பிள்ளையின் தலையைத் தானே வாரிவிட்டார், தாய் நாலரை மணிக்கே வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்களத்துக்குப் போய்விட்டாள். குட் மோர்னிங் சொல்லு, நேராக நில் என்றார். இன்றைக்கு மக்கு விளையாட்டு இல்லை என்று சொல்ல வேண்டும் என்பது நினைவிருந்தது. நாக்கின் நுனி வரை வந்தது. சொன்னால், இதுவரை செய்ததற்கு ஒரு பெயர் வைக்க வேண்டிவரும், நாங்கள் அவர்களை ஏமாற்றிக்கொண்டிருந்தோம் என்று ஒரு பத்து வயதுப் பிள்ளையின் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளை, தானாகப் புரிந்துகொள்ளும் என்று விட்டுவிட்டார். ஜன்னலுக்கு வெளியே நின்றார். அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்தார். வாட் கலர் இஸ் திஸ், மை டியர்? யோகமலர் வாயைக் கொஞ்சமாகத் திறந்தாள். புருவம் இறங்கியது. கண்ணில் இருந்த ஆள் போய்விட்டாள். பயந்த பிள்ளை அப்படி நிற்காது. பயந்த பிள்ளைக்குக் கை நடுங்கும், பாவாடையைப் பிடிக்கும், கண் அலையும், அத்தனை வருடம் பிள்ளைகளைப் பயமுறுத்திய வாத்தியாருக்கு இதுகூடத் தெரியாதா? இது முதல் நாள் முகம். அவர் செய்துகொடுத்த முகம். நீலப் பேனா, பச்சைக் கைக்குட்டை, மஞ்சள் தாள், நாலு கேள்விக்கும் அதே முகம், ஒரு பிசகில்லாத நடிப்பு. ஒரு தடவை ஜன்னலைப் பார்த்தாள். அவரைத்தான் பார்த்தாள். வாசலுக்கு ஆறு எட்டு நடை. உள்ளே போய், யோகம், விளையாட்டுப் போதும், அம்மாவுக்குச் சொல்லு என்று ஒரு வார்த்தை. கொழும்பு ஆள் கால்மேல் கால் போட்டு அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கூரைத்தகடு ஏற்றிய லொறி கோயிலடியில் நின்றது, கயிறு இன்னும் அவிழ்க்கவில்லை. சந்தனசாமி குனிந்து செருப்பில் இல்லாத சேற்றைத் தட்டினார். நிமிர்ந்தபோது அந்த அம்மா பென்சிலைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு சீக்கிரம் மறந்துபோகிறது, பாவம், என்று இங்கிலீசில் கொழும்பு ஆளிடம் சொன்னார். கணக்கப்பிள்ளை மகள் கண்டிக்குப் போனாள். தகடு இறங்கியது. கூரை இன்றுவரை ஒழுகவில்லை, மழை பெய்தால் அதன் கீழே நிற்க அவருக்குப் பிடிப்பதில்லை, அவ்வளவு சத்தம்.

மறந்துபோகிறது. இமைக்குள் சிவப்பு கறுத்துக்கொண்டு வந்தது, ஜன்னலை மேகம் மூடியிருக்க வேண்டும். மறந்துபோச்சு என்ற சொல் முதலில் யார் வாயில் வந்தது? அந்த அம்மாவின் வாயில். அடுத்து? அவர் அந்தச் சனிக்கிழமையைத் தொட விரும்பவில்லை, எப்போதும் இந்த இடத்தில் எழுந்து போய் ஏதாவது வேலை பார்ப்பார், தண்ணீர் குடிப்பார், மனைவியைக் கூப்பிட்டு ஒன்றுமில்லாததற்குச் சண்டை பிடிப்பார். இங்கே எழுந்து போக முடியாது. சனிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது. சாவியை விட்டுவிட்டு வந்த ஞாபகத்தில் காலையில் போனார். வாசலில் யோகமலர் நின்றாள். துவைத்த வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, காலில் யாருடையதோ ஒரு சோடிச் சப்பாத்து. பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேன் வரும் பாதை. என்ன இங்கே என்றார். “சும்மா சேர்.” அவருக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தது, தெரிந்த ஒரு நொடியில் அதன் மேல் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டார். எப்படிப் போட்டார்? கேட்டார். நேற்று பயந்துட்டியா? எல்லாம் மறந்துபோச்சா? பிள்ளை அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது. எந்தப் பதிலுக்கு வாத்தியார் காத்திருக்கிறார் என்று பார்த்தது. “ஆமா சேர். பயமா இருந்திச்சு. மறந்துபோச்சு.” அவ்வளவுதான். கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கொடுத்திருக்கிறார். ஆசிரிய கலாசாலையில் முதல் வாரத்தில் செய்யாதே என்று சொல்லித்தருகிற காரியம். அவர் கொடுத்ததைத்தான் அவள் திருப்பிக் கொடுத்தாள், அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பத்தொன்பது வருடம் ஊரெல்லாம் காட்டித் திரிந்திருக்கிறார். வெள்ளி முதல் நாள் என்றால் சனி இரண்டாம் நாள், இரண்டு பேருக்குத் தெரியலாம் என்கிற நாள். வேண்டாம். ஒருவேளை சும்மாதான் வந்தாளோ என்னவோ. பிள்ளைகள் சும்மா வரும். அடுத்தவர் சப்பாத்தைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு சும்மா வருமா?

“இது கடைசி ஊத்து சேர்.” விரல் நெற்றியில் பட்டது. விம் தூளில் வெடித்த விரல், சொரசொரவென்று இருந்தது. “வெள்ளைக்காரங்க திரும்ப வாறாங்களாமே சேர், ஆடி மாசம்? லயமெல்லாம் ஒரே பேச்சு.” வருகிறார்கள் என்றார் அவர். சங்கத்துக் கடிதம் மேசையில் இருந்தது, சம்மதம் சொல்லித் திங்கட்கிழமைக்குள் எழுத வேண்டும். நோய்க்காலத்திலும் பெட்ரோல் இல்லாத காலத்திலும் நின்றுபோனது இனித் திரும்பத் தொடங்கும், கழிவறைக்கு மறுபடி மஞ்சள் பூசுவார்கள், கணினி தருவதாகவும் எழுதியிருக்கிறார்கள். “எம் மக இருக்காளே, அபிநயா, அவளப் பத்திக் கவலப்படாதீங்க. வீட்டுலயே பழக்கிட்டேன். பலூனக் காட்டினா அப்புடியே மக்கு மாதிரி நிப்பா, நீங்க பார்த்தீங்கன்னா நான்தான்னு நெனப்பீங்க,” என்றாள் யோகமலர். சிரித்தாள். பக்கத்துக் கிழவரும் என்ன ஏதென்று தெரியாமலே சிரித்தார். அவள் குத்திக் காட்டுகிறாளா, இல்லை, வாத்தியாருக்கு உதவி செய்கிற நல்ல தாயாக உண்மையிலேயே சொல்கிறாளா? முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். கண்ணைத் திறந்தார். வெளிச்சம் வந்து மோதியது. நீலக் கோட்டு ஒரு நீலக் கறையாக இருந்தது, அதற்கு மேல் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓரம் கரைந்த ஒரு பழுப்பு, கண் எது வாய் எது என்று தெரியவில்லை. அந்த முகத்தில் ஆள் இருக்கிறாளா, போய்விட்டாளா என்றுகூடத் தெரியவில்லை. “பார்த்தீங்களா, தொறந்துட்டீங்க,” என்றாள். அபிநயாவைப் பழக்க வேண்டாம் என்று சொல்ல நினைத்தார். அதைச் சொல்லும் தகுதிக்கு முன்னால் வேறொன்று நின்றது. “யோகம்,” என்றார். குரல் பெரிதாக வந்துவிட்டது. “என்னா சேர்?” கேள்வி நாக்கில் பதிலோடு சேர்ந்தேதான் வந்தது, பயந்து, மறந்து, அந்த வெள்ளைக்கார அம்மா திரும்ப வருவாங்கன்னு, எல்லாம் தயாராக வரிசையில் நின்றன. ஒவ்வொன்றாக விழுங்கினார். ஒரு சொல்லும் உள்ளே வைக்காமல், அவளுக்கு ஒரு பக்கமும் சாய்த்துக் கொடுக்காமல் கேட்க வேண்டும். அந்தப் பழுப்புக் கறை அசையாமல் காத்திருந்தது.

“மறுநாள், சனிக்கிழமை, நீ ஏன் பள்ளிக்கூடத்துக்கு வந்த?”